விண்கல மறுநுழைவு: வேகத் தணிப்பு

விண்வெளியிலிருந்து திரும்பும் கலம் வளிமண்டலத்துள் புகுந்து, வேகம் தணிந்து தரையையோ கடலையோ அடைவது மறுநுழைவு எனப்படும். புவியைத் தாழ்வான பாதையில் சுற்றும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகத்தில் செல்கிறது. இதை முழுவதும் ராக்கெட்டால் அடக்குவதென்றால் மலையளவு எரிபொருளை மேலே சுமக்க நேரும். ஆகவே கலத்தின் எந்திரம் பயணத் திசைக்கு எதிராகச் சில நிமிடங்கள் இயங்கி, நொடிக்கு நூறு மீட்டரை ஒட்டிய அளவே வேகத்தைக் குறைக்கிறது. பாதை வளிமண்டலத்துக்குள் தாழ அதுவே போதும். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்கிறது.

இழக்கும் வேகம் வெப்பமாக மாறும். அந்த வெப்பத்தை எங்கே அனுப்புவது என்பதுதான் வடிவமைப்பின் உயிர்ப்பிரச்சினை. வேகமாகப் பறப்பதற்குக் கூர்மூக்கே சிறந்தது என்று நம்பப்பட்ட 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜூலியன் ஆலன் மழுங்கிய முகப்பே மறுநுழைவுக்கு ஏற்றது என்று காட்டினார். மழுங்கிய முகப்பின் முன்னே வலுவான அதிர்வலை சற்று விலகி நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி கலத்தைச் சேராமல் சுற்றியோடும் காற்றோடு போய்விடும். விண்வெளிப் பயண வரலாற்றின் மிக அழகிய கண்டுபிடிப்புகளுள் இதுவும் ஒன்று. மெர்க்குரி, அப்பல்லோ கலங்களின் அகன்ற அடிப்பகுதி இதன் விளைவே. கலத்தை எட்டும் எஞ்சிய வெப்பத்தைக் கவசம் ஏற்கிறது. சில கவசங்கள் தாமே கருகி உதிர்ந்து வெப்பத்தைக் கொண்டுபோகின்றன.

நுழையும் கோணமும் முக்கியம். செங்குத்தாக இறங்கினால் வேகம் திடீரெனக் குறைந்து பயணிகளை நசுக்கும். 2008 ஏப்ரலில் திட்டமிட்டதைவிடச் செங்குத்தாக இறங்கிய சோயுஸ் கலத்தில் இருந்தவர்கள் புவியீர்ப்பைப்போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்க வேண்டியிருந்தது.

இந்தியாவின் முதல் மீட்புக் கலமான எஸ்.ஆர்.இ.-1, 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி.-சி7 மூலம் ஏவப்பட்டு, 22 அன்று திரும்பியது. 100 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் நுழைந்த அக்கலத்தைக் கார்பன் பீனாலிக் பூச்சும் சிலிக்கா ஓடுகளும் காத்தன. 5 கி.மீ. உயரத்துக்கு வரும்போது அதன் வேகம் நொடிக்கு 101 மீட்டர்தான். அதாவது, பாராசூட் விரியும் முன்பே இயக்க ஆற்றலில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் காற்றில் கரைந்துவிட்டது. சிறு பாராசூட்டுகள் அவ்வேகத்தை 47 மீட்டராக்கின, 2 கி.மீ. உயரத்தில் பெரிய பாராசூட் விரிந்தது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே வங்கக்கடலில் நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் விழுந்து மிதந்த கலத்தைக் கடலோரக் காவல் படை மீட்டது.