வேலியில் பூத்த நீலம்

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காய் மணக்கும். மலையில் விளையும் காய்க்கு இங்கே ஏல மையம் உண்டு, தரப் பிரிப்பு உண்டு, அன்றாட விலையும் உண்டு. வேலியில் படரும் நீலச் சங்குப்பூவுக்கு இவை எதுவும் இல்லை.

ஆனால் குறிஞ்சி நிலத்தில் அதன் வரலாறு மிகப் பழையது. சங்கப் புலவர் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பாறையில் குவிக்கும் 99 பூக்களில் கருவிளையும் ஒன்று. இந்த நீலச் சங்குப்பூதான் அது. வெள்ளைப் பூவைச் செருவிளை என்று தனியாகவே எண்ணினார் கபிலர். எவ்வளவு கூர்மையான கண்!

நம் ஊரில் அது பூசைத் தட்டிலும் வைத்தியர் கையிலுமே நின்றுவிட்டது. அடுப்படிக்குள் அதை உரிமையோடு அழைத்துச் சென்றவர்கள் கடல் கடந்த மக்கள். மலேசியாவின் கிளந்தானில் ‘நாசி கெராபு’ சோறு இதனால்தான் நீலமாகிறது. மலாய் மரபு கலந்த சீன வம்சாவளியினரான பெரானாக்கான் வீடுகளில் ஒட்டும் அரிசிப் பலகாரத்துக்கும் இதே சாயம். தாய்லாந்தில் ‘அஞ்சன்’ எனப்படும் இப்பூவில் பானம். 2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்பூவின் சாற்றை உணவு நிறமியாக அனுமதித்தது.

செய்முறை எளிது. பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம் இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில் நிறம் மாறி, ஊதாவாகும். பூவுக்கென்று பெரிய சுவையோ மணமோ இல்லை. தட்டிப் போட்ட இரண்டு போடி ஏலக்காய் அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.