பாலாற்றுப் பள்ளத்தாக்கில் சாலையும் விளைநிலமும்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள சத்துவாச்சாரியை ஊடறுத்துச் செல்வது சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. கடற்கரைச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏற, பாலாற்றுப் பள்ளத்தாக்கே நெடுங்கால வழி. ஆர்க்காடு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் இவ்வழியில் வளர்ந்த ஊர்கள். 1749ஆம் ஆண்டின் ஆம்பூர்ப் போர் மூண்டதும் இவ்வழியிலேயே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டது. தோல் வணிகம் அதன்பின் பெருகிற்று.

பழைய சாலைகளின் இருமருங்கிலும் புளியமரங்கள் நின்றன. அடிமரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து எண்ணிட்டு, ஆண்டுதோறும் மகசூலை ஏலம் விடுவது வழக்கம். இந்நெடுஞ்சாலையைத் தங்க நாற்கரச் சாலையின் பகுதியாக விரித்தபோது முதலில் பலியானவை இத்தகைய மரங்களே. ஈடாக நடப்படும் கன்றுகள் அவற்றுக்கு ஈடாவதில்லை. மரத்தைவிடப் பெரிய இழப்பு ஏரிப் பாசனத்துக்கு. வரத்துக்கால் குறுக்கிடும் இடத்தில் சிறுபாலத்தின் தளம் சற்று உயர்ந்துவிட்டால், சாலைக்கரையின் ஒருபுறம் பயிர் மூழ்கும். மறுபுறம் ஏரி நிரம்பாது. சாலைக்கரையை உயர்த்தும் கிராவல் மண்ணும் சுற்றுவட்டார ஏரிகளிலும் குன்றுகளிலும் வெட்டப்படுகிறது.

வளர்ச்சியையும் நிலத்தையும் ஒரே தராசில் வைத்து எடைபோடும் நெறி இம்மண்ணின் வழக்கிலேயே நிலைபெற்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டதை அது குறிப்பிட்டது. கேடு வருமுன் காத்தல், கெடுத்தவரே ஈடுசெய்தல் ஆகிய இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் அனைத்துக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சாலைத் திட்டங்களுக்கும் இந்நெறியே அளவுகோல்.

அண்டை மாவட்டமான திருவண்ணாமலை வழியே 277 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையில் அந்நெறி சோதனைக்கு உள்ளானது. உழவர்கள் எல்லைக் கற்களைப் பிடுங்கிப் போராடினர். சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே பெறப்படவில்லை என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் 8.4.2019 அன்று நிலமெடுப்பை ரத்து செய்தது. பணி தொடங்குமுன் அனுமதி பெற்றால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 8.12.2020 அன்று அதை மாற்றியது. வருவாய்ப் பதிவேட்டில் உழவர் பெயர்களை மீண்டும் சேர்க்கவும் ஆணையிட்டது. நிலம் போனபின் வரும் அனுமதி வெறும் சடங்காகிவிடும் என்ற உழவர் அச்சம் நியாயமானதே.

262 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச்சாலைக்கு 26.5.2022 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் குடிபாலா–வாலாஜாப்பேட்டைப் பகுதி இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது; அதே அளவுகோல் இதற்கும் பொருந்தும்.