ஐசோடோப்பு விகித நிறை நிறமாலைமானி: பராமரிப்பின் வரலாறு

கரும்புச் சர்க்கரையிலும் பீட்ரூட் சர்க்கரையிலும் உள்ள கார்பன்-13 அளவு ஒன்றுக்கொன்று வேறுபடும். வேறுபாடு நூற்றில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்குதான். இவ்வளவு சிறியதை அளக்கும் கருவியில் பழுது பெரும்பாலும் பழுதாகவே தெரிவதில்லை. நம்பத் தகுந்த ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. இக்கருவியின் வரலாறே அந்தப் பொய் எண்ணோடு நடந்த போராட்டம்தான்.

1919இல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் அமைத்த கருவி ஐசோடோப்புகளை ஒளிப்படத் தகட்டில் பதித்தது. மின்னோட்டமாக அளக்க முற்பட்டபோது, அயனிக் கற்றை நொடிக்கு நொடி தடுமாறுவது பெரிய தலைவலியானது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பிரட் நியர் 1947இல் வெளியிட்ட வடிவமைப்பு இரு ஐசோடோப்புகளின் கற்றைகளையும் ஒரே நேரத்தில் இரு ஏற்பிகளில் வாங்கியது. தடுமாற்றம் இரண்டையும் ஒன்றுபோலவே தாக்குவதால், விகிதத்தில் அது அடிபட்டுப் போனது. 1950இல் சிகாகோவில் யூரியின் குழுவினர் மாதிரி வாயுவையும் ஒப்பீட்டு வாயுவையும் மாற்றி மாற்றிச் செலுத்தும் வால்வைச் சேர்த்தனர். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது தென் கரோலினாவின் பீ டீ படிவப் பாறையில் கிடைத்த பெலெம்னைட் புதைபடிவம். அது தீர்ந்து பல காலமாகியும் அளவுகோலில் அதன் பெயர் வாழ்கிறது.

அன்றைய கருவியில் கண்ணாடிக் குழாய்கள், பாதரசப் பம்புகள், திரவ நைட்ரஜன் பொறிகள். தேய்வதும் கசிவதும் கண்முன்னே இருந்தன. 1978இல் மாத்யூஸும் ஹேய்ஸும் வாயு வண்ணப்படிவுப் பிரிகையை எரிப்பு உலையோடும் கருவியோடும் இணைத்தனர். ஹீலியம் ஓட்டத்தில் மாதிரி இடைவிடாமல் வரும் இந்த முறை பரவியதும், பழுதின் இருப்பிடம் உலைக்கும் குழாய் இணைப்புகளுக்கும் இடம் மாறியது.

வெற்றிடக் கருவிகளில் கசிவைத் தேடப் பொதுவாக ஹீலியத்தையே தெளிப்பார்கள். இங்கே ஹீலியம் உள்ளேயே ஓடுவதால் ஆர்கானை நாட வேண்டியிருக்கிறது. ஆர்கானின் நிறையான 40இல் கருவியை நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பின் மீதும் ஆர்கானை மெல்லிய இழையாக விடுவார்கள். எங்கே குறிகை எகிறுகிறதோ அங்கேதான் ஓட்டை. ஆர்கான் காற்றைவிடக் கனமானது. மேலே விட்டால் வழிந்து கீழ் இணைப்புகளையும் நனைத்து ஏமாற்றும். எனவே கீழிருந்து தொடங்குவதே சரி.

கசிவைவிட எனக்குக் கொடியதாகப் படுவது ஈரம். உலையை அடுத்த குழாயில் மெக்னீசியம் பெர்குளோரேட் நீராவியை உறிஞ்சுகிறது. அது கட்டியாகி ஓய்ந்துவிட்டால் நீர், வாயுவை அயனியாக்கும் பகுதி வரை போய்விடும். அங்கே கார்பன் டை ஆக்சைடு அயனியோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்ள, நிறை 44 ஆக வேண்டியது கார்பன்-13க்குரிய 45இல் விழுகிறது. மாதிரியில் இல்லாத கார்பன்-13 இருப்பதுபோலத் தோன்றும். திரையில் எச்சரிக்கை ஏதும் வராது.

நைட்ரஜனை அளக்கும்போது இதே வேலையை உலையிலுள்ள, களைத்துப்போன செம்பு செய்கிறது. ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸில் அது நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்க வேண்டும். வாயு நுழையும் முனையிலிருந்து கறுத்துக்கொண்டே வந்து முழுவதும் கறுத்துவிட்டால், நைட்ரிக் ஆக்சைடு தப்பிச் சென்று நிறை 30ஐ வீங்கச் செய்யும்.

ஆகவே அளவைத் தொடங்குமுன் ஒப்பீட்டு வாயுவை அதனோடே ஒப்பிடுகிறார்கள். விடை பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். விலகினால் அன்று மாதிரிகள் காத்திருக்கும்.