காதுக்குள்ள நாலு சொட்டு

கோவில்பட்டிப் பக்கம் காதை வச்சு நாங்க பண்ணாத அநியாயம் கிடையாது. ஊரைச் சுத்தித் தீப்பெட்டி ஆபீஸ். மருந்து முக்காத வெறுங்குச்சிக்குப் பஞ்சமே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுத் திண்ணையில சாஞ்சா, பெரியவங்க ஒரு குச்சியை எடுத்துக் கண்ணை மூடிக்கிட்டுக் குடைய ஆரம்பிச்சிருவாங்க. குச்சி இல்லைன்னா கோழி இறகு. காது வலின்னா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால். இத்தனைக்கும் அடங்காம சீ வடிய ஆரம்பிச்சிட்டா, "அது வளர வளரச் சரியாயிரும்"னு விட்டுருவாங்க.

அந்தச் சீயை நிறுத்த மனுசன் ஒரு நூறு வருசத்துக்கு மேல படாதபாடு பட்டிருக்கான். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பழைய சங்கதி தோண்டுறவன். காது ஒழுகினா டாக்டர்கிட்ட போங்க. பதிவைப் படிச்சிட்டு நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போயிராதீங்க.)

கம்மாய்ல குளிச்சாத்தான் காது ஒழுகும்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. பாதி உண்மை. தொடக்கம் பெரும்பாலும் சளிதான். மூக்குக்குப் பின்னாடியிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. குழந்தைகளுக்கு அது குட்டையா, படுக்கைவசமா இருக்கும். சளி பிடிச்சா கிருமி அது வழியா ஏறிப்போய் நடுக்காதுல சீழ் வைக்கும். அழுத்தம் தாங்காம செவிப்பறை, நம்ம பாஷையில காது ஜவ்வு, கிழியும். நிறையப் பேருக்கு அது தானா மூடிக்கும். மூடாத காதுக்குள்ள தண்ணி போகப்போக ஈரம் காயாது, ஒழுக்கும் நிக்காது. கம்மாய்க்கு இதுல ரெண்டாவது பங்குதான். நெருக்கடியான வீடு, சத்தில்லாத சாப்பாடு, வைத்தியம் பார்க்க வழியில்லாத வறுமை, இதெல்லாம் முதல் பங்கு. மானம் பார்த்த கரிசக்காட்டுல இதுக்கெல்லாம் குறைச்சலா?

எங்க வகுப்புல ஒருத்தன் இருந்தான். ரெண்டு காதும் ஒழுகும். நாத்தம் தாங்காம யாரும் பக்கத்துல உட்கார மாட்டோம். அதனால அவனுக்குக் கடைசி பெஞ்சு. ஏற்கனவே கேக்குறது கொஞ்சம், கடைசி பெஞ்சுல அதுவும் கேக்காது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேங்கிறான்னு அடி விழும். "செவிட்டுப் பய"ன்னு பேரு. ஆறாவதோட நின்னு தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டான். அவன் மக்குன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சிருந்தோம்.

இது ஒருத்தன் கதைன்னு நினைச்சா இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கிராமத்துக் குழந்தைகளைச் சோதிச்சு 1999-ல ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. நூத்துக்கு 6 பேருக்கு இந்த நாள்பட்ட காது ஒழுக்கு. நூத்துக்கு 4-ஐத் தாண்டினாலே அது உடனே கவனிக்க வேண்டிய பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினைன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு வச்சிருக்கு. அதே நிறுவனம் 2004-ல வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்துல காது ஒழுகுறவங்க 6.5 கோடியிலிருந்து 33 கோடி வரைக்கும் இருக்கலாம். அதுல 60 சதவீதம் பேருக்குக் கேள்வித்திறன் குறைஞ்சிருக்கும்.

பாளையங்கோட்டையில காது கேளாதோர் பள்ளி 19ஆம் நூற்றாண்டு முடியுறதுக்குள்ளேயே வந்தாச்சு. ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கினது. 1986 வரைக்கும் கோவில்பட்டியும் திருநெல்வேலி மாவட்டம்தான், ஆக அது நம்ம மாவட்டத்துப் பள்ளி. ஆனா காது ஒழுகுற பிள்ளை அங்க சேர்ற அளவுக்குச் செவிடும் இல்லை, சாதாரணப் பள்ளியில பாடம் கேக்குற அளவுக்குக் காதும் இல்லை. நடுவுல விழுந்த கூட்டம் அது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். ஆன்டிபயாட்டிக் வர்றதுக்கு முந்தி என்ன பண்ணாங்க? கேரம் போர்டுல தூவுறோமே போரிக் பவுடர், அதைக் காதுக்குள்ள ஊதுனாங்க! ஜெர்மனியில மியூனிக் நகரத்துக் காது வைத்தியர் பெட்ஸோல்ட் 1880-ஐ ஒட்டி இதைப் பரப்பினார். ஈரத்தை இழுக்கும், கிருமியையும் ஓரளவு அடக்கும். அதுக்கப்புறம் பொங்கி நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு.

இதோட கூடப் பஞ்சுத்திரி. சுத்தமான பஞ்சைத் திரிச்சு வச்சுச் சீழை ஒத்தி எடுக்குறது. இங்க நம்ம ஊர்ச் சங்கதி ஒண்ணு சொல்லணும். காட்டுல எடுத்த பருத்தி அப்படியே சீழை உறிஞ்சாது. பஞ்சு இழை மேல ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணியைத் தள்ளிவிடும். காரத்துல வேகவச்சு வெளுத்தாத்தான் மருத்துவப் பஞ்சு ஆகும். அதுக்கு நீளமான ஒசத்திப் பருத்தி வேண்டியதில்லை. கரிசல்ல விளைஞ்ச கருங்கண்ணி மாதிரியான கட்டை இழை நாட்டுப்பருத்தியே தோது. 1901-ல தொடங்கின கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்தக் கருங்கண்ணியிலதான் ரகம் ரகமாப் பொறுக்கி எடுத்துச்சு. இந்தப் பக்கம் ராஜபாளையத்துக்கிட்ட சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெசவுக்கே பேர்போன ஊர். பஞ்சும் துணியும் நம்மகிட்ட இருந்துச்சு. சீழை நிறுத்துற மருந்துதான் இல்லை.

1940கள்ல பென்சிலின் வந்ததும் எல்லாரும் தீர்ந்ததுடா தொல்லைன்னு நினைச்சாங்க. தீரலை. நாள்பட்ட காதுல பெரும்பாலும் குடியிருக்கிறது சூடோமோனாஸ்னு ஒரு முரட்டுக் கிருமி. சீழ் பச்சையா வந்தா பல நேரம் இவன் கைவரிசைதான். பென்சிலினை இவன் மதிக்கவே மாட்டான்.

அடுத்த மருந்து மண்ணுல இருந்து வந்துச்சு. முதல் மழை பெய்ஞ்சதும் கரிசல்ல ஒரு வாசம் கிளம்பும்ல? அந்த வாசத்தைக் கிளப்புறதுல பெரிய பங்கு மண்ணுல இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் இன நுண்ணுயிர்களுக்கு. அதே இனத்துல இருந்துதான் 1943-ல ஸ்ட்ரெப்டோமைசின், 1947-ல வெனிசுவேலா மண்ணுல இருந்து குளோராம்ஃபெனிகால், 1949-ல நியோமைசின். பின்னாடி ரெண்டும் காதுச் சொட்டா வந்துச்சு. 1963-ல இன்னொரு மண் நுண்ணுயிர்ல இருந்து வந்த ஜென்டமைசினும் காதுக்கு வந்துச்சு.

இங்கதான் விதியோட விளையாட்டு. ஸ்ட்ரெப்டோமைசின், நியோமைசின், ஜென்டமைசின் மூணும் ஒரே குடும்பம். உள்காதுக்குள்ள போனா கேக்குற நரம்புச் செல்லையே தின்னுரும், இல்லைன்னா தலைசுத்த வச்சிரும். ஜவ்வு ஓட்டையா இருக்கிற காதுல இதை விட்டா உள்ள போகுமா போகாதான்னு பல வருசம் சண்டை போட்டாங்க. செவிட்டைத் தடுக்கப் போட்ட மருந்தே செவிடாக்கினா என்ன செய்ய?

விடை எதிர்பாராத இடத்துல இருந்து வந்துச்சு. மலேரியாவுக்கான குளோரோகுயின் தயாரிக்கும்போது கிடைச்ச ஒரு துணைப்பொருளைப் பிடிச்சுக்கிட்டுப் போய், 1962-ல நாலிடிக்ஸிக் ஆசிட்னு ஒரு மருந்து கண்டுபிடிச்சாங்க. அந்த வம்சத்துல 1980கள்ல பிறந்ததுதான் சிப்ரோஃபிளாக்சசினும் ஆஃப்ளாக்சசினும். சூடோமோனாஸை அடிக்கும், காது நரம்பைத் தொடாது. 1997 டிசம்பர்ல, ஜவ்வு ஓட்டையான காதுக்கும் பயன்படுத்தலாம்னு ஆஃப்ளாக்சசின் சொட்டுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது.

அப்ப ஊசி, மாத்திரை போட்டா என்ன? நம்ம ஊர்ல "ஊசி போடாம அனுப்பிட்டாரு, இவரெல்லாம் ஒரு டாக்டரா"ன்னு கேக்குற ஆள் இன்னும் உண்டு. கணக்குப் பாருங்க. 500 மி.கி. சிப்ரோ மாத்திரை முழுங்கினா ஒரு மில்லி ரத்தத்துல ஏறுறது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். காதுச் சொட்டு 0.3 சதவீதம்னா ஒரு மில்லியில 3,000 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்குக்கு மேல! அதுவும் நேரா சீழ் இருக்கிற இடத்துலயே.

சரி, துடைச்சா மட்டும் போதுமா? 1996-ல கென்யாவுல பள்ளிப் பிள்ளைகளை வச்சுப் பார்த்தாங்க. 16 வாரம் கழிச்சு, சும்மா துடைச்சவங்கள்ல 22 சதவீதம் பேருக்கு ஒழுக்கு நின்னுருந்தது. ஒண்ணுமே செய்யாதவங்களுக்கும் அதே 22! துடைச்சுச் சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்தவங்களுக்கு 51. பிறகு 2005-ல வந்த இன்னொரு ஆய்வு, அதுவும் கென்யாதான். சிப்ரோ சொட்டு விட்டவங்களுக்கு 2 வாரத்துல 59 சதவீதம் பேருக்கு நின்னுச்சு. பழைய போரிக் ஆசிட் சொட்டுக்கு 32. இந்த ரெண்டாவது ஆய்வுல எனக்குப் பிடிச்ச விஷயம், சொட்டு விட்டது டாக்டரோ நர்ஸோ இல்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள்!

துடைக்காமலும் ஆகாது. சீழ் நிறைஞ்ச காதுல மருந்து விட்டா சீழ் மேலயே நின்னுரும், புண்ணைத் தொடாது. பெட்ஸோல்ட் காலத்துல பஞ்சு இருந்தது, சரியான மருந்து இல்லை. இன்னிக்கு மருந்து இருக்கு, துடைக்கப் பொறுமை இல்லை. ரெண்டும் சேர்ந்தாத்தான் வைத்தியம்.

அளவுக்கு மீறி மாசக்கணக்குல விட்டாலும் ஆபத்து. கிருமி செத்த இடத்துல காளான் வந்து உட்கார்ந்துக்கும். அதுக்கும் ஒரு இந்திய மருந்து உண்டுங்கிறது பெருமையான செய்தி. 1954-ல அரசு தொடங்கின பிம்ப்ரி இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ்ல, திருமலாச்சார்ங்கிற விஞ்ஞானியும் அவர் குழுவும் 1960களின் தொடக்கத்துல ஹேமைசினைக் கண்டுபிடிச்சாங்க. அதுவும் ஸ்ட்ரெப்டோமைசிஸ்தான், நம்ம நாட்டு மண்ணுதான். காதுக் காளானுக்கு அதைச் சொட்டா விட்டாங்க.

எல்லாக் காதும் சொட்டுல அடங்காது. எலும்பை அரிக்கிற வகை ஒண்ணு இருக்கு, விட்டா மூளை வரைக்கும் சீழ் ஏறும். அதுக்கு ஆபரேஷன்தான். ஜவ்வு ஓட்டையை அடைக்கவும் 1950கள்ல இருந்து அறுவை சிகிச்சை உண்டு. அதனாலதான் முதல்ல டாக்டர் பார்க்கணும்ங்கிறது.

2007-ல மத்திய அரசு காது கேளாமைத் தடுப்புத் திட்டத்தைச் சில மாவட்டங்கள்ல தொடங்குச்சு. திட்டம் வரட்டும், வளரட்டும். ஆனா கடைசி பெஞ்சுல நாத்தத்தோட ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்குன்னா அதை முதல்ல பார்க்கிறது வாத்தியாரும் பக்கத்து பெஞ்சுக்காரனும்தான். பதிவர்கள்ல வாத்தியார்மாரு நிறையப் பேரு இருக்கீங்க. நாளைக்கு வகுப்புக்குப் போனதும் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை அடிக்கிறதுக்கு முந்தி, அதோட காதை ஒரு தடவை பாருங்க.

உங்க ஊர்ப்பக்கம் காதுக்கு என்னென்ன விடுவாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. விட்டுப் பார்க்க இல்லை, எழுதி வைக்க :-)