தாமுவேயின் மேசைக் கணினியும் சிடி டிரைவும்

யாங்கோன் நகர மையத்துக்கு வடகிழக்கே, வட்ட ரயில் பாதையை ஒட்டிய பகுதி தாமுவே. 2000-களில் அங்கே ஒரு வீட்டுக் கணினியின் சிடி டிரைவ் செத்துப்போவது சின்ன விஷயமல்ல. இணையம் எட்டாத வீட்டுக்கு விண்டோஸ், பாடம், படம், பாட்டு எல்லாம் அந்தத் தட்டில் ஏறித்தான் வர வேண்டும். டிரே திறக்காவிட்டால் கணினியின் பாதிப் பயன் போய்விடும்.

பர்மா கணினிக்குப் புதிய நாடல்ல. 1971-லேயே யாங்கோனில் பல்கலைக்கழகங்களுக்கான கணினி மையம் தொடங்கப்பட்டு, ஐசிஎல் 1902எஸ் என்ற பிரிட்டிஷ் கணினி நிறுவப்பட்டது. கணினி வீட்டுக்குள் வரும் காலம் கனிந்தபோது சட்டம் குறுக்கே நின்றது. ராணுவ அரசு 1996 செப்டம்பரில் கணினி அறிவியல் வளர்ச்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசு அறிவிக்கும் வகைக் கணினிகளை முன் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்தாலோ வைத்திருந்தாலோ 7 முதல் 15 ஆண்டு வரை சிறை. இணைய இணைப்பும் வெகு சிலருக்கே கிடைத்தது. கைபேசி சிம் கார்டு சாதாரண மக்கள் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியதே 2014-ல், ஊரிடூவும் டெலினாரும் வந்த பிறகுதான். அதுவரையிலான ஆண்டுகள் சிடியின் ஆண்டுகள்.

பாட்டுக்காக பிலிப்ஸும் சோனியும் 1982-ல் சந்தைக்குக் கொண்டுவந்த சிடி, சில ஆண்டுகளில் கணினித் தகவலையும் சுமக்கத் தொடங்கியது. ஒரு வட்டில் 650 எம்பி, அதாவது சுமார் 450 பிளாப்பிகளின் கொள்ளளவு. 1993-ல் விசிடி முறை வந்தது. அதில் 74 நிமிடப் படமே அடங்கும் என்பதால் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. படம் தெளிவு குறைந்ததுதான். ஆனாலும் ஆசிய வீடுகளுக்குச் சினிமாவை மலிவாகக் கொண்டு சேர்த்ததில் விசிடிக்கு இணை இல்லை.

சிடி வியாபாரத்தின் இன்னொரு முனை சென்னையில் இருந்தது. அதற்குப் பர்மாத் தமிழரே காரணம். 1962-ல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு, 1964-ல் கடைகளை நாட்டுடைமையாக்கியது. பிழைப்பை இழந்து கப்பலேறிய தமிழர்களுக்காக 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே ராஜாஜி சாலையில் பர்மா பஜார் அமைந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் விற்ற அந்தக் கடைவரிசை, பின்னாளில் சிடி, டிவிடிக்குப் பேர்போனது. வட்டு வாங்க பர்மா பஜார், டிரைவ் வாங்க ரிச்சி தெரு என்பது சென்னைக்காரர்களின் வழக்கமானது. திருட்டு விசிடியோடு போட்டி போட மோசர் பேயர் நிறுவனம் 2007 வாக்கில் தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கே விற்றது.

டிரைவ் பழுதாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். டிரேயை இழுக்கும் சிறு ரப்பர் பெல்ட் தளர்ந்தால், பொத்தானை அழுத்தும்போது மோட்டார் முனகும், டிரே அசையாது. முகப்பில் உள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய காகிதக் கிளிப்பை நுழைத்து அழுத்தினால் டிரே சற்று வெளியே வரும். பெல்ட் மட்டும் மாற்றினால் போதும், டிரைவ் பிழைத்துக்கொள்ளும். மற்றொன்று லேசர். மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டும் யாங்கோனில் ஈரமும் தூசியும் சேர்ந்து லென்ஸில் படியும். துடைத்தும் படிக்காவிட்டால் லேசரே தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். டிவிடி டிரைவில் சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என இரண்டு ஒளிகள். ஆகவே ஒரு வகை வட்டைப் படித்து மற்றதை மறுப்பதும் உண்டு. அந்த நிலையில் மாற்றுவதே வழி.

மாற்றும் வேலை கால்மணி நேரத்தில் முடியும். மின் இணைப்பைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, இரு கேபிள்களையும் நான்கு திருகுகளையும் எடுத்தால் டிரைவ் முன்பக்கமாக உருவி வரும். அகலம் எல்லா டிரைவுக்கும் ஒன்றே என்பதால் எந்த நிறுவனத்துடையதும் பொருந்தும். முகப்பின் நிறம் மட்டும் ஒட்டாது: பழைய கேபினெட் சந்தன நிறம், புதிய டிரைவ் கறுப்பு. கவனம் வேண்டியது கேபிளில். பழைய ஐடிஇ டிரைவுக்கு 40 முனைகள் கொண்ட பட்டைக் கேபிள். அதே கேபிளில் ஹார்ட் டிஸ்கும் இருந்தால் பின்புறத்து ஜம்பரை மாஸ்டர், ஸ்லேவ் என்று பிரித்து வைக்க வேண்டும். இரண்டும் மாஸ்டராக இருந்தால் கணினி தடுமாறும். 2003-ல் வந்த சாட்டா முறையில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மெல்லிய கேபிள், ஒரு டிரைவ்.

2006-ல் இன்டெல் தன் ஐசிஎச்8 சிப்பிலிருந்து ஐடிஇயை நீக்கியது முதல் அந்த வகை டிரைவ் படிப்படியாக அருகியது. இன்று ஐடிஇ மட்டுமே உள்ள மதர்போர்டுக்கு மூன்று வழிகள் உண்டு: பழைய கணினியிலிருந்து கழற்றிய டிரைவ், சாட்டா டிரைவை ஐடிஇயோடு இணைக்கும் சிறு பலகை, வெளியே செருகும் யூஎஸ்பி டிரைவ். கல்யாண விசிடிகளைப் பிரதியெடுக்க மூன்றாவது போதும். விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டிய கணினியின் பயோஸ் யூஎஸ்பியிலிருந்து தொடங்க மறுத்தால், முதல் இரண்டில் ஒன்றையே நாட வேண்டும்.