நல்லதண்ணி வழியில் ஒரு நடை



மலையைக் காணச் செல்வோர் அடிவாரத்தை மறந்துவிடுவது இயல்பு. சிவனொளிபாத யாத்திரிகர் பலருக்கு நல்லதண்ணி என்பது பேருந்திலிருந்து இறங்கி, ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு, இருளிலே படியேறத் தொடங்கும் இடம். இன்று உங்களை உச்சிக்கு அழைத்துச் செல்ல நான் எண்ணவில்லை. மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வரையுள்ள வழியிலே, பட்டப்பகலில், நின்று நின்று நடந்து பார்ப்போம்.

7,359 அடி உயரமான அம்மலையின் புகழ் மிகப் பழையது. உச்சியிலுள்ள சுவட்டைப் பௌத்தர் புத்தபிரானின் பாதமென்றும், சைவர் சிவபிரானின் பாதமென்றும், இஸ்லாமியர் ஆதமின் பாதமென்றும் போற்றுவர். 1344ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா இம்மலைக்கு ஏறினார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பினார். காட்டு அட்டைகளின் தொல்லையையும் பாறையிற் பிணைத்திருந்த இரும்புச் சங்கிலிகளையும் அவர் தம் பயண நூலிலே குறித்துள்ளார். தேயிலை பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதுவதற்கு அன்று தேயிலை ஏது? மலைநாடெங்கும் பெருங்காடு.

அக்காட்டை அழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வெள்ளையர் முதலிற் கோப்பி பயிரிட்டனர். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை வீழ்த்தியது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி மடிந்த நிலங்களைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1884இல் புகையிரதம் ஹற்றனை அடைந்தது. அதன்பின் யாத்திரிகர்க்கும் இவ்வழி எளிதாயிற்று.

இனிச் சரிவை உற்று நோக்குங்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வர். கம்பளம் தானே விரிவதில்லை. மண் கரையாதிருக்கக் கல் அடுக்கியவர், மழைநீர் ஓடக் கான் வெட்டியவர், செடி மரமாகிவிடாதபடி காலந்தோறும் கவ்வாத்து வெட்டியவர், கூடை சுமந்து கொழுந்து பறித்தவர் என்று ஆயிரமாயிரம் பேரின் உழைப்பு அது. அவர்களின் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே வந்தனர். தொடக்க காலத்தவர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களுக்கு நடுகல்லும் இல்லை.

மஸ்கெலியாவுக்கு அருகே மவுசாக்கலை நீர்த்தேக்கம் ஒளிர்கிறது. 1960களின் இறுதியில் அணை எழும்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளிப்படும். அவற்றைக் காண மக்கள் திரளுவர். மூழ்கிய கல் இவ்வாறு மீண்டும் வெளிப்படுகிறது. மனிதரின் வரலாறோ மூழ்கினால் எளிதில் வெளிப்படுவதில்லை.

இம்மக்களுக்கு நேர்ந்ததைச் சட்டங்கள் சொல்லும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் வகுத்து, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என ஒதுக்கியது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த உறவினர் கடலால் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய நாடற்றோர் குடியுரிமை பெறுவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் சொந்தக் காணியும் தனிவீடும் இன்றும் பல குடும்பங்களுக்கு எட்டவில்லை.

நான் ஓர் ஆசிரியன். ஒருமுறை என் வகுப்பு மாணவரிடம் அரசர் பெயர்களைக் கேட்டேன், தடையின்றி ஒப்புவித்தனர். உங்கள் பாட்டனாரின் தந்தை எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டேன், வகுப்பு அமைதியாயிற்று. அந்த அமைதிக்கு நானும் பொறுப்பாளி. அவ்வினாவை அதற்கு முன் நான் எழுப்பியதே இல்லை.

நேயர்களே, உச்சியிலுள்ள பாதத்தை வணங்க ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர், வரட்டும். அவர்கள் ஏறிவரும் இவ்வழியிலும் பாதங்கள் பதிந்திருக்கின்றன. உங்கள் இல்லத்தில் முதியவர் இருப்பின், இன்றிரவே அருகமர்ந்து, அவர் பிறந்த தோட்டத்தையும் அவருடைய முன்னோரின் ஊரையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவருக்குப் பின் அதைச் சொல்ல எவரும் இல்லாமற் போகலாம்.