வேலூர்க் கோட்டையும் ஒரு பெண்ணின் நினைவுக்குறிப்பும்

1806 ஜூலை 10 அன்று அதிகாலை இரண்டு மணியளவில் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். கோட்டைத் தளபதி கர்னல் செயின்ட் ஜான் ஃபேன்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அமேலியா ஃபேன்கோர்ட் குழந்தைகளுடன் உயிர்தப்பினார். இரண்டு வாரங்களுக்குள் தாம் பட்டதை எழுதி வைத்தார். 1842இல் சிட்னி நகர இதழொன்றில் அது அச்சாயிற்று. கிளர்ச்சி வெடித்த நேரத்தைக் கண்ணால் கண்டவர் எழுதியதாக எஞ்சியிருப்பது இது ஒன்றே என்பர்.

கிளர்ச்சியின் காரணங்களைப் பாடநூல்கள் வரிசையாகக் கூறும். 1805 நவம்பரில் வந்த புதிய உடை விதிகளின்படி சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோலால் ஆன குஞ்சம் வைத்த புதிய தலையணியை அணிய வேண்டும். "தோலில் என்ன சார் தப்பு?" என்று வகுப்பில் கேட்பார்கள், ஆம்பூர்ப் பிள்ளைகள். தோல்தானே இங்கே சோறு போடுகிறது! அது மாட்டுத்தோலோ பன்றித்தோலோ என்ற அச்சமும், மதம் மாற்றப் போகிறார்கள் என்ற ஐயமும் சிப்பாய்களுக்கு இருந்தன என்று விளக்க வேண்டியிருக்கும்.

அமேலியாவின் குறிப்பைப் படிக்கும்போது இந்தக் காரணங்களை மறந்துவிட வேண்டும். அந்த இரவில் அவருக்கு அவை எதுவும் பயன்படவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது; சுடுவது யார், எதற்காக என்பது தெரியவில்லை. வெளியே போன கணவர் திரும்பவில்லை. குழந்தைகளோடு கோழிக்கொட்டகையில் ஒளிந்திருக்கிறார். கணவர் இருக்கிறாரா, இல்லையா? அந்தத் தெரியாமைதான் குறிப்பின் உயிர். நிகழ்ச்சியின் முடிவை அறிந்து எழுதும் வரலாற்றாசிரியரால் இதைத் தர இயலாது.

ஆனால் இது தளபதி வீட்டிலிருந்து பார்த்த காட்சி. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து கோட்டையை மீட்டபின், அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவரோரம் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய மனைவியரும் தாய்மாரும் எழுதிய குறிப்பு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்துப் பெண்களும் அந்த இரவைக் கடந்தவர்களே. அதற்கு முந்தைய நாள்தான் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம் நடந்திருந்தது. அந்த மணப்பெண் என்ன கண்டார், யாரிடம் என்ன சொன்னார்? அமேலியாவின் குறிப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் இக்கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

போருக்கு உள்ளிருந்து தமிழ்ப் பெண் ஒருவர் தம் மொழியிலேயே எழுதியதைப் படிக்க விரும்புவோர் ஈழத்துத் தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' நூலை எடுக்கலாம். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த அவர், 2009இல் போர் முடிந்தபின் சிறையிலும் புனர்வாழ்வு முகாமிலும் இருந்து விடுதலையானார். 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. முழுவதும் அவர் எழுதியதுதானா என்று ஐயம் எழுப்பியோரும் உண்டு. பதில் சொல்ல அவர் இல்லை.